சினிமா மாதரின் கோரிக்கை நம் கோரிக்கை

சினிமாவிலும் டெலிவிஷனிலும் வேலை செய்யும் பெண்கள் சம உரிமை கேட்கிறார்கள். ஆணுக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறார்கள். வேலைத் தலத்தில் மானத்தோடு இருக்க வேண்டும் என்கிறார்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தொழிலின் கதவும் தங்கள் முகத்துக்கு நேரே அடைக்கப்படக் கூடாது என்கிறார்கள். இந்தக் கோரிக்கைகளை நமது சங்கங்கள் ஆதரிக்க வேண்டும் என்று நாம் சொன்னால், பெரம்பலூர், அரியலூர் தோழர்களில் சிலர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

“வெங்காயக் கொல்லையில் விடிந்தது முதல் குனிந்து கிடக்கிற நம் பெண்களுக்கே ஒழுங்கான கூலி இல்லை. சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட்காரன் சொன்னதுதான் சட்டமாக இருக்கிறது. இந்த லட்சணத்தில் கோடிக்கணக்கில் வாங்கும் நடிகைகளுக்கு நாம் வக்காலத்து வாங்குவதா?” என்று கேட்கிறார்கள்.

கேள்வியில் தவறில்லை. உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சுவரொட்டியில் முகம் தெரிகிற நடிகை சினிமாத் தொழிலில் ஆயிரத்தில் ஒருத்தி. மற்றவர்கள் யார்? கூட்டத்தில் ஒருத்தியாக வெயிலில் நிற்கும் துணை நடிகை. கதாநாயகிக்குப் பின்னால் வரிசையில் ஆடும் நடனப் பெண். தலைவாரி விடுகிறவள், துணி தைத்துக் கொடுக்கிறவள், படப்பிடிப்பில் நூறு பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறவள், திரையில் வேறொருத்தி வாயசைக்கக் கண்ணாடி அறைக்குள் நின்று குரல் கொடுக்கிறவள். இவர்கள் அன்றாடக் கூலிகள். அன்றைக்கு ஷூட்டிங் உண்டானால் அன்றைக்கு அடுப்பு எரியும். ஏஜெண்டு கூப்பிட்டால் போக வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்று கேட்டால் மறுநாள் கூப்பிட மாட்டான். நமது ஊரில் கொத்துக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியை அறிந்தவர்களுக்கு இந்த ஏஜெண்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இவர்கள் நிலைமை என்ன என்பதை ஒரு சர்க்கார் கமிட்டியே விசாரித்து எழுதியிருக்கிறது. 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை ஓடும் காரில் கடத்திச் செல்லப்பட்டுக் கொடுமைக்கு ஆளானார். நாடு கொதித்தது. மலையாள சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் கூடி ஒரு ஸ்தாபனம் அமைத்தார்கள். அவர்கள் முதலமைச்சரைச் சந்தித்துக் கோரியதன் பேரில் அந்த ஆண்டே ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைவர். பழம்பெரும் நடிகை சாரதாவும், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வத்சலாகுமாரியும் உறுப்பினர்கள். 2019 டிசம்பர் 31ந் தேதி ரிப்போர்ட்டு கொடுக்கப்பட்டது. அது வெளியானதோ 2024 ஆகஸ்டு 19ந் தேதி! கமிட்டியை அமைத்தது இடதுசாரி முன்னணி சர்க்கார். ரிப்போர்ட்டு நாலரை ஆண்டுக் காலம் வெளிவராமல் கிடந்ததும் அதே சர்க்காரின் காலத்தில்தான். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது தொழிலாளி வர்க்கப் பத்திரிகைக்கு அழகல்ல.

அந்த ரிப்போர்ட்டில் எல்லோரும் பேசியது பாலியல் கொடுமைகளைப் பற்றி. பேச வேண்டியதுதான். வேலை வேண்டுமென்றால் உடன்பட வேண்டும் என்று கேட்கும் அயோக்கியத்தனம் அந்தத் தொழிலில் எப்படி வேரோடியிருக்கிறது என்பதைப் பல பெண்கள் அந்தக் கமிட்டி முன் வந்து சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்கள் சேர்ந்த ஒரு கும்பல் தொழிலையே கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு வேலை, யாருக்குத் தடை என்று தீர்மானிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் கண்ணை நிறுத்தியது இன்னொரு பக்கம். படப்பிடிப்புத் தலத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. துணி மாற்ற மறைவிடம் இல்லை. ஆகவே அந்தப் பெண்கள் காலை முதல் தண்ணீர் குடிப்பதில்லை. தாகத்தை அடக்குகிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள், அதனால் நோய் வாங்குகிறார்கள். துணை நடிகைகள் அடிமைகளிலும் கேவலமாக நடத்தப்படுகிறார்கள் என்று கமிட்டி எழுதியிருக்கிறது. பேசிய கூலி கைக்கு வருவதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது.

இதைப் படிக்கும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணே, தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவது என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா? மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத பருத்திக் காட்டில் நீ படும் பாடு எதுவோ, அதுவே லட்ச ரூபாய் விளக்குகளுக்குக் கீழே நிற்கும் அந்தப் பெண்ணின் பாடும்.

இனி, கூலி விஷயத்துக்கு வருவோம். பெண்ணுக்குக் குறைவாகக் கொடுப்பதற்கு முதலாளிகளிடம் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. “நீ பெண், ஆகவே உனக்குக் குறைவு” என்று இக்காலத்தில் அவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். வேலையையே இரண்டாகப் பிரிப்பான். ஒன்றுக்கு ஆண் வேலை என்று பெயர் வைப்பான், மற்றதற்குப் பெண் வேலை என்று பெயர் வைப்பான். பிறகு பெண் வேலைக்குக் கூலி குறைவு என்பான். பெயர் வேறாகிவிட்டதால் சம வேலைக்குச் சம கூலி என்று கேட்க இடமே இல்லாமல் போகிறது.

இந்தத் தந்திரத்துக்கு பம்பாய் சினிமா உலகத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே சினிமா ஒப்பனைக் கலைஞர்களுக்கும் சிகை அலங்காரம் செய்கிறவர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் விதிகளில் ஒன்று: முகத்துக்கு மேக்கப் போடுகிறவன் ஆணாக இருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் தலைவாரி விடுகிறவளாக மட்டுமே அங்கத்தினர் ஆகலாம். பெண்ணின் முகத்தில் சாயம் பூசுவதற்குக்கூடப் பெண்ணுக்கு உரிமை இல்லை! அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே நடந்தது. சங்கத்தின் அட்டை இல்லாமல் படப்பிடிப்பில் கால் வைக்க முடியாது. சாரு குரானா என்ற பெண் முறையாகத் தொழில் பயின்றவர். 2009ல் அவர் ஒப்பனைக் கலைஞர் என்று அட்டை கேட்டார். மறுத்தார்கள். மீறி வேலை செய்தபோது அபராதம் போட்டார்கள். பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்பு கெட்டுவிடும் என்பது சங்கம் சொன்ன நியாயம்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2014 நவம்பர் 10ந் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் லலித்தும் தீர்ப்பளித்தார்கள். பெண் என்பதற்காகத் தொழிலைத் தடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவான ஒரு சங்கம் இப்படி விதி வைத்துக்கொள்ள முடியாது. அந்த விதி செல்லாது என்றார்கள்.

தோழர்களே, இந்த வழக்கில் எதிர்த் தரப்பில் நின்றது யார் என்று கவனித்தீர்களா? ஸ்டுடியோ முதலாளி அல்ல. படத் தயாரிப்பாளன் அல்ல. தொழிலாளர் சங்கம்! நம்மைப் போலச் சந்தா கட்டி, கொடி கட்டி, கூலிக்காகப் போராடுகிற ஒரு சங்கம். பசித்த இரண்டு பேரில் ஒருத்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்குச் சோறு நிச்சயம் என்று அது நினைத்தது. உண்மையில் நடந்தது என்ன? தலைவாரும் வேலை பெண் வேலையாகி மட்டமாயிற்று. அதைக் காட்டி மற்றக் கூலிகளையும் அமுக்கி வைக்க முதலாளிக்கு வசதியாயிற்று. ஒரு தொழிலுக்குள்ளே குறைந்த கூலிக்காரர் ஒரு கூட்டம் இருக்கிற வரையில் நிறைந்த கூலிக்காரனின் தலைக்கு மேலே கத்தி தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இப்பொழுது நம் கொல்லைக்கு வாருங்கள். மண்வெட்டி பிடிப்பது ஆண் வேலை, களை எடுப்பது பெண் வேலை. மூட்டை தூக்குவது ஆண் வேலை, வெங்காயம் ஆய்ந்து தாள் அரிவது பெண் வேலை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் பெண்ணின் விரலைப் பாருங்கள்; கொட்டையின் பால் பட்டுத் தோல் உரிந்து கிடக்கும். அதற்கும் பெயர் பெண் வேலை! மூட்டை தூக்குகிறவனுக்கு வேர்வை கொட்டுகிறது, உண்மை. நாள் முழுதும் குத்துக்காலிட்டு நகர்ந்து நகர்ந்து களை எடுப்பவளின் இடுப்பு என்ன இரும்பா? எது கடினம், எது சுலபம் என்று அளந்து பார்த்துக் கூலி நிர்ணயித்தவர் யாரும் இல்லை. யார் செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் நிர்ணயித்தார்கள்.

2005ஆம் ஆண்டில் வேலை உறுதிச் சட்டம் வந்தது. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டம் சொல்லிற்று. அப்பொழுது கிராமத்துப் பெரிய மனிதர்கள் என்ன கூச்சல் போட்டார்கள் என்பது நினைவிருக்கும். “பொம்பளைக்கும் ஆம்பளைக்கும் ஒரே சம்பளமா? உலகம் தாங்காது” என்றார்கள். உலகம் தாங்கிற்று. பெண்கள் தங்கள் பெயரில் கணக்குத் திறந்து கூலி வாங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை. மிராசுதார்களின் வாய்தான் கொஞ்ச நாள் மூடவில்லை.

சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் டேகன்ஹாம் என்ற ஊரில் போர்டு கார் கம்பெனி. அங்கே கார் இருக்கைக்கு உறை தைக்கும் பெண்களைத் திறமை தேவைப்படாத வேலைக்காரிகள் என்று வகைப்படுத்திக் கூலியைக் குறைத்தான் கம்பெனிக்காரன். 1968ல் அந்தத் தையல் தொழிலாளிப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். இருக்கை இல்லாமல் கார் ஏது? கம்பெனியே நின்று போயிற்று. அந்தப் போராட்டத்தின் பின்விளைவாகத்தான் 1970ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சம ஊதியச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 1976ல் சம ஊதியச் சட்டம் வந்தது. மெக்கின்னன் மெக்கன்ஸி என்ற பம்பாய்க் கம்பெனி ஆண் சுருக்கெழுத்தர்களுக்கு ஒரு சம்பளமும் பெண் சுருக்கெழுத்தர்களுக்கு வேறு சம்பளமும் கொடுத்தது. அதுவும் வேலைக்கு வெவ்வேறு பெயர் வைத்துத்தான். அந்தத் தந்திரம் செல்லாது என்று 1987ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இன்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறலாம். அதை அமல் நடத்த வைக்கும் சங்கம் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் காகிதம்தான்.

“சினிமாவில் அப்படியெல்லாம் பார்க்க முடியாது. அது மார்க்கெட்டு. ஆண் நடிகனுக்குத்தான் கூட்டம் வருகிறது, ஆகவே அவனுக்குப் பணம்” என்று சிலர் பொருளாதாரம் பேசுகிறார்கள். இவர்களுக்குத் தமிழ் சினிமாவின் சரித்திரம் தெரியாது. 1935ல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க கொடுமுடி சுந்தராம்பாளுக்குக் கொடுக்கப்பட்ட தொகை ஒரு லட்ச ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! எந்த ஆண் நடிகனும் அதுவரை கண்டிராத தொகை. அப்பொழுது மார்க்கெட்டு என்ன, வேறு உலகத்திலா இருந்தது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவையாறு. அந்த ஊரில் பிறந்தவர் டி.பி.ராஜலட்சுமி. சிறு வயதிலேயே கலியாணம் செய்து வைக்கப்பட்டு, அந்த வாழ்க்கை கசந்து, வயிற்றுப் பாட்டுக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1931ல் வெளிவந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவர்தான். அதோடு நிற்கவில்லை. 1936ல் ‘மிஸ் கமலா’ என்ற படத்துக்குக் கதை எழுதி, தாமே தயாரித்து, தாமே டைரக்டு செய்தார். தென்னாட்டின் முதல் பெண் டைரக்டர்! நம் ஆற்றுக்கு அக்கரைப் பெண். 1953ல் பி.பானுமதி ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று பாஷைகளில் டைரக்டு செய்தார். 1968ல் சாவித்திரி தெலுங்கில் ஒரு படம் டைரக்டு செய்தார். இவ்வளவு பேர் வழி காட்டியிருந்தும், ராஜலட்சுமிக்குப் பின் தொண்ணூறு வருஷம் கழிந்த இந்தக் காலத்திலும், தமிழில் படம் டைரக்டு செய்யும் பெண்களைத் தேடித்தான் எண்ண வேண்டியிருக்கிறது. திறமை இல்லையென்றா அர்த்தம்? பணம் போடுகிறவன் ஆண், படத்தை வாங்கி விற்கிறவன் ஆண், கொட்டகைக்காரன் ஆண், சங்கத்தின் அட்டை கொடுக்கிறவன் ஆண்.

இதில் இன்னொரு அழுக்கும் இருக்கிறது. “சினிமாக்காரிதானே!” என்ற பேச்சு. டீக்கடையில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஆண்கள் நம்மிலும் கொஞ்சம் பேர்தான். நடிக்கிற பெண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. இந்த நினைப்பின் பிறப்பிடம் எது தெரியுமா? மலையாளத்தின் முதல் படத்தில், அது பேசாப் படக் காலம், ஏறத்தாழ 1930, கதாநாயகியாக நடித்தவர் பி.கே.ரோசி. புல்லறுத்துப் பிழைத்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண். அவர் திரையில் நாயர் குடும்பத்துப் பெண்ணாக வேஷம் போட்டார் என்பதற்காக மேல்ஜாதி வெறியர்கள் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஊரை விட்டே ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, தாம் நடிகை என்பதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து மறைந்தார். உழைக்கிற ஜாதிப் பெண் ஒருத்தி உயர்ந்து நிற்கக் கூடாது என்ற அதே ஆத்திரம்தான் இன்றைக்குச் ‘சினிமாக்காரி’ என்று பல்லை இளிக்கிறது.

நமது இயக்கத்தின் கே.பி.ஜானகியம்மாளை மறந்துவிட வேண்டாம். நாடக மேடையில் ஆடிப் பாடி நடித்தவர் அவர். கூட்டமேடையில் பாடியே ஜனங்களைத் திரட்டினார். சிறை சென்றார். 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். சம்பாதித்ததை இயக்கத்துக்கே கொடுத்துவிட்டு ஏழையாக மறைந்தார். நாடகக்காரி என்று அவரை ஏசிய பிரமுகர்களின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

பாலியல் கொடுமையைத் தடுக்கும் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் அது படித்த, பட்டணத்துப் பெண்களின் சட்டம் என்று நினைக்கிறோம். அது எங்கே பிறந்தது? ராஜஸ்தானத்தில் ஒரு கிராமம். பன்வாரி தேவி என்ற குயவர் குலப் பெண், சர்க்காரின் கிராம ஊழியர், சொற்பச் சம்பளம். 1992ல் அவர் மேல்ஜாதி வீட்டில் நடக்கவிருந்த ஒரு குழந்தைக் கலியாணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழி வாங்க அவரைக் கூட்டாகக் கெடுத்தார்கள். வேலை செய்யப் போன இடத்தில் ஒரு தொழிலாளிக்கு நடந்த கொடுமை இது என்று மாதர் ஸ்தாபனங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1997ல் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013ல் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடமானாலும் புகார் கமிட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் கம்பெனியும் ஒரு வேலைத் தலம்தான், ஆகவே அங்கும் கமிட்டி வேண்டும் என்று 2022 மார்ச்சில் கேரள ஹைக்கோர்ட்டு சொன்னது. இன்று நட்சத்திர நடிகைக்குப் பாதுகாப்பென்று இருக்கும் சட்டம் ஒரு ஏழைக் கிராமப் பெண் சிந்திய கண்ணீரில் முளைத்தது. பாதுகாப்பு அங்கிருந்து அவளுக்குப் போயிருக்கும்போது, ஆதரவு நம்மிடமிருந்து போகக் கூடாதா?

நமது தமிழ்நாட்டில் நிலைமை என்ன? 2018ல் பின்னணிப் பாடகி சின்மயி, தமக்கு நேர்ந்ததாகச் சில விஷயங்களைப் பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் டப்பிங் கலைஞர்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்பது சங்கம் சொன்ன காரணம். சந்தா பாக்கிக்காக நீக்கப்படுவது எப்படி என்பது சங்கம் நடத்துகிற நமக்குத் தெரியும். எத்தனை முறை நோட்டீசு கொடுத்து, எத்தனை மாசம் தவணை கொடுத்துப் பார்ப்போம் என்பதும் தெரியும். கேரளத்து ரிப்போர்ட்டு வெளியான பிறகு, 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம் கூடிச் சில தீர்மானங்கள் போட்டது. குற்றம் நிரூபணமானால் ஐந்து வருஷம் சினிமாவில் வேலை செய்யத் தடை, பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி என்பவை அதில் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் புகாரைக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும், பத்திரிகைகளிடம் பேசக் கூடாது என்றும் யோசனை சொன்னார்கள். வருஷக்கணக்கில் கமிட்டியே இல்லாதிருந்த இடத்தில் வாய் திறந்தவளுக்குப் பத்திரிகை ஒன்றுதானே கதியாக இருந்தது? கமிட்டி நியாயம் செய்கிறது என்ற நம்பிக்கை பிறந்தால் பத்திரிகைக்கு யாரும் போக மாட்டார்கள். நம்பிக்கை முதலில், கட்டுப்பாடு பிறகு. கேரளத்தில் நடிகர் சங்க நிர்வாகக் கமிட்டி முழுவதும் 2024 ஆகஸ்டில் ராஜினாமாச் செய்ய நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அதன் தலைவியாக முதன்முறையாக ஒரு பெண், சுவேதா மேனன், தேர்ந்தெடுக்கப்பட்டார். வாய் திறந்ததால் வந்த மாற்றம் இது.

பிரசவ உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று இருக்கிறது. ஆனால் முந்திய ஒரு வருஷத்தில் அதே முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நடனப் பெண் ஒரு படத்தில் நாலு நாள், அடுத்த படத்தில் ஆறு நாள் என்று முப்பது முதலாளிகளிடம் வேலை செய்கிறாள். வருஷம் முழுதும் உழைத்தாலும் யாரிடத்திலும் 80 நாள் சேராது. சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட்காரன் பெயரை மாற்றி மாற்றிக் காட்டிச் சர்வீசை முறிக்கும் வித்தையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டெலிவிஷன் தொடர்களில் வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் மோசம். 1981ல் சினிமாத் தொழிலாளர்களுக்கென்று பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு, எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்றது. அது முழுநீளப் படத்துக்குத்தான். தொடர்கள் அதில் சேரவில்லை. நாள் தவறாமல் வீட்டுக்கு வீடு ஓட வேண்டிய தொடருக்காக இரவு பகல் பாராமல் அவர்கள் உழைத்தார்கள். சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்பில்தான் டெலிவிஷன் வேலையையும் சேர்த்து எழுதினார்கள். அந்தத் தொகுப்புகளில் தொழிலாளிக்கு விரோதமானவை ஏராளம். அதை எதிர்த்து நாம் நடத்தும் போராட்டம் தொடரும். ஆனாலும் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்ற இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சின்னத்திரைச் சங்கங்கள் தயாரிப்பாளர்களை நெருக்க வேண்டும்.

சென்னையில் சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதில் நமது இயக்கத்துக்குப் பெருமையான பங்கு உண்டு. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும், காமிராக் கலைஞர் நிமாய் கோஷும் லைட்டுத் தூக்குகிறவன் முதல் வாத்தியம் வாசிக்கிறவன் வரை கூட்டி உட்கார வைத்துச் சங்கத்தின் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர்கள். 1960ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தை டைரக்டு செய்தவர் கோஷ்; இசை சீனிவாசன். அந்தப் பரம்பரையில் வந்த தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தையும் அதன் கீழுள்ள சங்கங்களையும் உரிமையோடு கேட்கிறோம்: உங்கள் நிர்வாகக் கமிட்டிகளில் பெண்கள் எத்தனை பேர்? தயாரிப்பாளர்களோடு கூலி பேச உட்காரும் மேஜையில் தலைவாரும் பெண்ணின் பிரதிநிதி உட்காருகிறாளா? சண்டைக் காட்சியில் கதாநாயகிக்காகக் குதித்து விழ ஒரு ஆணுக்குப் புடவை கட்டி விடும் வழக்கத்தை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

அவர்களைக் கேட்கிற நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்து 20 சத போனஸ் கேட்டார்கள். சங்கத் தலைவர்களை, எந்தக் கொடியானாலும் சரி, பக்கத்தில் விடவில்லை. ஆண்கள் நடத்தும் சங்கம் தங்கள் குரலைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, தாங்களே கம்பெனியோடு மோதி வெற்றியும் பெற்றார்கள். அந்தப் பெண்களின் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. நாம் கோபப்படவில்லை, செய்தியைப் படித்துவிட்டு நமது விவசாயத் தொழிலாளர் கிளைகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். ஊர்வலத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மேடையில்?

ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். வரும் கிளைக் கூட்டங்களில் சினிமா, டெலிவிஷன் பெண் தொழிலாளரின் கோரிக்கைகளை ஆதரித்துத் தீர்மானம் போடுங்கள். நகலைச் சென்னைக்குச் சம்மேளனத்துக்கு அனுப்புங்கள். டிக்கெட்டு வாங்கிப் படம் பார்க்கும் ஜனங்களின் குரல் அவர்களுக்கு லேசாகப் படாது. எறையூர் சர்க்கரை ஆலை வாசலிலும் அரியலூர் சிமெண்ட் ஆலை வாசல்களிலும் பேசும்போது இதையும் பேசுங்கள், கக்கூஸ் விஷயம் உட்பட. ஆண்கள் கூச்சப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துப் பெண்களுக்கும், கொல்லைக் கூலிக்குப் போகும் பெண்களுக்கும், புகார் சொல்ல மாவட்டந்தோறும் ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு மாவட்டக் கலெக்டர் ஆபீசுகளுக்கும் பெண் தோழர்கள் தலைமையில் போய், அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், இதுவரை எத்தனை புகார் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள். வந்த பதிலை நமக்கு அனுப்புங்கள்; கலெக்டர் ஆபீசு சொன்னது என்ன என்பதை இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.